முதியோருக்குச் சட்ட உதவி: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய யோசனை

பங்கு வாங்கி முப்பது நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்ட மூத்த அங்கத்தினர் சிலரையேனும் எந்தக் கூட்டுறவுச் சங்கத்திலும் காணலாம். நெசவாளராயின், அவர்தம் வாழ்நாள் உழைப்பெல்லாம் தறிக்குழியோடு கூடிய ஒரு வீடாக நிற்கும். விவசாயியாயின், ஓரிரண்டு ஏக்கர் நிலமாகவும் அதிலுள்ள கிணறாகவும் நிற்கும். அச்சொத்தைப் பற்றிய கேள்விகள் எழுவது பெரும்பாலும் கை தளர்ந்த பிறகுதான். வீட்டை யார் பெயருக்கு எழுதுவது? எழுதிய பின் நம் சாப்பாட்டிற்கு யார் பொறுப்பு? மகன் கவனியாவிட்டால் என் செய்வது? இக்கேள்விகளுக்கு விடை சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். பணம் இல்லாமையால் கேள்வி கேட்கப்படாமலேயே போகிறது. பத்திரம் மட்டும் எழுதப்பட்டுவிடுகிறது.

இந்நிலைக்கு மாற்றாக, அரசாங்கப் பணத்தில் சட்ட யோசனையும் வழக்கறிஞர் உதவியும் பெறுவதற்கு நம் நாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயரை அறிந்தோர் பலர். அதனைப் பயன்படுத்தும் முறையை அறிந்தோர் சிலர். அந்த நிதி யாருடையது, யார் பெறலாம், எதற்காகப் பெறலாம், எப்பொழுது கேட்க வேண்டும், இதில் சங்கத்தின் கடமை யாது என்பவற்றை இக்கட்டுரையில் முறையாக ஆராய்வோம்.

நிதியின் தோற்றம்

ஏழைக்கு நீதி மறுக்கப்படலாகாது என்ற கருத்தை ஆராய அமைந்த குழுவொன்று, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர்களின் தலைமையில் 1973-ல் தன் அறிக்கையை அளித்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் 39-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பொருளாதாரக் குறைவு காரணமாக எந்தக் குடிமகனுக்கும் நீதி பெறும் வாய்ப்பு மறுக்கப்படாதவாறு அரசு இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டும் என்பது அதன் கருத்தாகும். இதனைச் செயற்படுத்த 1987-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 1995-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதியாகும்.

இச்சட்டம் மூன்று அடுக்காக நிதிகளை ஏற்படுத்தியிருக்கிறது. தேசிய ஆணைக்குழுவிடம் ஒரு நிதி. அதற்கு மத்திய அரசு மானியம் அளிக்கிறது. மாநில ஆணைக்குழுவிடம் ஒரு நிதி. தேசிய ஆணைக்குழு அனுப்பும் தொகையோடு பிறவழித் தொகைகளும் அதில் சேர்கின்றன. மாவட்ட ஆணைக்குழுவிடம் மற்றொரு நிதி. மாநில ஆணைக்குழு அதற்குத் தொகை ஒதுக்குகிறது. நன்கொடைகளும், நீதிமன்ற உத்தரவின்பேரில் செலுத்தப்படும் தொகைகளும் இந்நிதிகளில் சேரலாம்.

கூட்டுறவாளராகிய நமக்கு இவ்வேற்பாடு புதுமையாகத் தோன்ற நியாயமில்லை. பலர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத் தொகை ஒன்றாய்த் திரண்டு, தேவைப்பட்ட அங்கத்தினருக்குக் கடனாகவும் நூலாகவும் உரமாகவும் செல்வதைத் தினந்தோறும் காண்கிறோம். சட்ட உதவி நிதியும் அத்தகையதே. கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்குபவரும் வரி செலுத்துகிறார். அவ்வரியின் ஒரு சிறு பகுதி இந்நிதியாகத் திரும்பி வருகிறது. ஆகவே இதைப் பெறச் செல்லும் பெரியவர் யாரிடமும் கை நீட்டுபவர் அல்லர். தாமும் பங்கு செலுத்திய ஒரு பொது நிதியில் தமக்குரிய பயனைக் கேட்பவரே ஆவார்.

யார் பெறலாம்?

இங்கு ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இலவச உதவிக்கு உரியோர் பட்டியல் தரப்பட்டுள்ளது. அப்பட்டியலில் ‘அறுபது வயது கடந்தோர்’ என்று ஒரு தனி வகுப்பு இல்லை. அமெரிக்க நாட்டில் 1965-ல் இயற்றப்பட்ட முதியோர் சட்டத்தின்கீழ் நடைபெறும் சட்ட உதவிக்கு அறுபது வயதே தகுதியாகும். வருமானத்தை வரம்பாக வைத்து ஒருவரை விலக்குதல் அங்கே கூடாது. நம் சட்டம் வேறு வழியில் செல்கிறது. முதுமை என்னும் ஒரே கதவுக்குப் பதிலாக அது பல கதவுகளை வைத்திருக்கிறது. தமக்குரிய கதவு எது என்பதை ஒவ்வொருவரும் அறிய வேண்டும்.

முதலாவது, பெண்கள். வருமானம் எவ்வளவாயினும் ஒரு பெண்மணி இவ்வுதவிக்கு உரியவர். தார் சுற்றிக் குடும்பத்தைக் காத்த கைம்பெண்ணும் இதில் அடங்குவார். நிலம் தம் பெயரில் உள்ள விவசாயக் குடும்பத்து மூதாட்டியும் அடங்குவார். இரண்டாவது, தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் பழங்குடியினரும். மூன்றாவது, மாற்றுத் திறனாளிகள். பார்வையோ செவியோ நடையோ குறைந்து அதற்குரிய சான்று பெற்ற முதியோர் இவ்வழியில் வரலாம். நான்காவது, வெள்ளம், வறட்சி போன்ற பேரிடர்களால் தகாத துன்பத்திற்கு உள்ளானோர். ஐந்தாவது, தொழிலாளர் சட்டப்படி தொழிலாளி எனப்படுவோர். இவையன்றி, மாநில அரசு குறித்துள்ள ஆண்டு வருமான வரம்புக்கு உட்பட்டோர் அனைவரும் உரியவர். உச்சநீதிமன்ற வழக்குகளுக்கு இவ்வரம்பு ஐந்து லட்சம் ரூபாயாகும். கீழ் நீதிமன்றங்களுக்குரிய வரம்பு மாநிலந்தோறும் வேறுபடும். அவ்வப்போது உயர்த்தப்படுவதும் உண்டு. அன்றியும், சில மாநிலங்களின் விதிகள் முதியோருக்குத் தனிச் சலுகை அளிக்கின்றன. ஆகவே ‘எனக்குக் கிடைக்காது’ என்று வீட்டிலிருந்தபடியே தீர்மானித்துவிடாமல், ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

வருமானத்தை நிரூபிக்க அலைய நேருமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. விண்ணப்பதாரர் தம் வருமானத்தைப் பற்றித் தரும் பிரமாணப் பத்திரத்தை, அதனை நம்பாதிருக்கக் காரணம் இல்லாதவிடத்து, போதுமானதாகக் கொள்ளலாம் என்று 13-ஆவது பிரிவு கூறுகிறது. எனினும் ஒரு நிபந்தனை உண்டு. வழக்கில் மேலோட்டமாகப் பார்த்தாலே ஏதேனும் நியாயம் இருப்பதாக ஆணைக்குழு கருத வேண்டும். வீண் வழக்குக்குப் பொதுப்பணம் செலவாகலாகாது என்பதே இதன் நோக்கம்.

என்ன உதவி கிடைக்கும்?

நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், மனு தயாரிக்கும் செலவு, சான்றிட்ட நகல்களின் செலவு, வழக்கறிஞர் ஊதியம் ஆகியவற்றை ஆணைக்குழு ஏற்கும். அவ்வாறு அமர்த்தப்பட்ட வழக்கறிஞருக்குரிய தொகையை நிதியே தருகிறது. கட்சிக்காரரிடம் அவர் பணம் கேட்டலும் பெறுதலும் விதிக்கு முரணாகும். கேட்பாராயின் ஆணைக்குழுவின் செயலாளரிடம் முறையிடலாம்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. ‘சட்டப் பணி’ என்ற சொல்லுக்கு இச்சட்டம் கூறும் பொருளில், வழக்கு நடத்துதல் மட்டுமின்றி, எந்தச் சட்ட விஷயம் குறித்தும் யோசனை கூறுதலும் அடங்கும். அதாவது, வழக்கு ஏற்பட்ட பின்னரே அங்குச் செல்ல வேண்டும் என்பதில்லை. ஒரு பத்திரம் எழுதுவதற்கு முன்பும் சென்று யோசனை கேட்கலாம். இக்கட்டுரையின் சாரமும் இதுவேயாகும்.

மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதியாவார். வட்ட அளவில் குழுக்கள் உண்டு. பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்களும் பணியாற்றுகின்றனர். முதியோருக்கான சட்டப் பணிகளுக்கென்றே தேசிய ஆணைக்குழு 2016-ல் ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் சட்ட உதவி பற்றிக் கேட்கலாம். முதியோரின் பிற குறைகளுக்கு 14567 என்ற எண் உள்ளது.

பராமரிப்புச் சட்டமும் தீர்ப்பாயமும்

முதியோர் பிணக்குகளுக்கென 2007-ல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் என்பது அதன் பெயர். தமிழ்நாட்டில் அதற்குரிய விதிகள் 2009-ல் வெளியாயின. அறுபது வயது நிறைந்தோர் மூத்த குடிமக்கள் ஆவர். பெற்றோராயின் அறுபது வயது ஆகாவிடினும் இச்சட்டத்தின் துணையைப் பெறலாம்.

தம் வருமானத்தாலும் சொத்தாலும் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், வயது வந்த மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரிடம் பராமரிப்புக் கோரலாம். பிள்ளையில்லாத முதியோர், தம் சொத்தை அனுபவித்துவருகின்ற அல்லது பின்னர் அடைய உரிமையுள்ள வாரிசான உறவினரிடம் கோரலாம். தாமே மனு எழுத இயலாதவர், தாம் அதிகாரம் அளித்த மற்றொருவர் வாயிலாகவோ அமைப்பின் வாயிலாகவோ மனுச் செய்யலாம். மனுவை விசாரிப்பது தீர்ப்பாயம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் அதன் தலைவராக அமர்கிறார். எதிர்த்தரப்பாருக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும்; தக்க காரணம் இருப்பின் ஒருமுறை 30 நாட்கள் நீட்டலாம். மாதத்திற்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படாமல் மாநில அரசு குறிக்கும் அளவிற்குள் பராமரிப்புத் தொகை விதிக்கப்படும். உத்தரவை மதியாதவர் சிறை செல்லவும் நேரிடும். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திற்கு உரியது. 60 நாட்களுக்குள் செய்தல் வேண்டும்.

இத்தீர்ப்பாயத்தில் எத்தரப்பிலும் வழக்கறிஞர் தோன்றலாகாது என்று 17-ஆவது பிரிவு கூறுகிறது. வசதி படைத்த தரப்பு பெரிய வழக்கறிஞரை நிறுத்தி, ஏழைத் தாய் தந்தையரை வாயடைக்கச் செய்யலாகாது என்பது அதன் நோக்கம் போலும். ஆயினும் வழக்கறிஞர் சட்டத்தோடு இது முரண்படுகிறது என்று கேரள உயர்நீதிமன்றம் 2021-ல் தீர்ப்புக் கூறியிருக்கிறது. ஆகவே தம் மாவட்டத்தில் எந்த நடைமுறை உள்ளதென்று முதலில் விசாரித்துக்கொள்வது நலம். வழக்கறிஞர் இல்லாவிடினும் பெற்றோர் தனித்து நிற்க வேண்டுவதில்லை. அவர் விரும்பினால் அவர் சார்பில் நின்று பேசுவதற்கு, மாவட்ட சமூகநல அலுவலரையோ அவருக்குக் குறையாத பதவியில் உள்ள ஒருவரையோ பராமரிப்பு அலுவலராக அரசு நியமிக்க வேண்டும் என்று 18-ஆவது பிரிவு விதிக்கிறது. இதுவும் அரசாங்கச் செலவில் கிடைக்கும் சட்ட உதவியே ஆகும். இதனைப் பலர் அறியார்.

கையெழுத்துக்கு முன்

இனி, நம் அங்கத்தினருக்கு மிகவும் நெருங்கிய விஷயத்திற்கு வருவோம். எடுத்துக்காட்டாக ஒன்று கொள்வோம். அறுபத்தெட்டு வயதுள்ள நெசவாளர் ஒருவர். கண் மங்கி, இழை முடிய இயலாமற் போகிறது. இரண்டு தறி கொண்ட வீட்டை மூத்த மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கிறார். மகன் காப்பான் என்ற நம்பிக்கை. பத்திரத்தில் ‘அன்பின் காரணமாக’ என்று எழுதியிருக்கிறது. காக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தில் மனக்கசப்பு ஏற்படுகிறது. அவருடைய கட்டில் திண்ணைக்கு வருகிறது.

பதிவாகி நிறைவேறிய செட்டில்மெண்ட்டைக் கொடுத்தவர் தாமே சார்பதிவாளர் அலுவலகம் சென்று ரத்து செய்துவிடுதல் பொதுவாக இயலாது. அவருக்குள்ள வழி 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பின், அடிப்படை வசதிகளும் உடல் தேவைகளும் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதனை நிறைவேற்றாவிடின், அந்த மாற்றம் வஞ்சனையாலோ வற்புறுத்தலாலோ நிகழ்ந்ததாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதனைச் செல்லாது என அறிவிக்கலாம்.

‘நிபந்தனையோடு’ என்ற சொல்லில்தான் சிக்கல் அனைத்தும் அடங்கியிருக்கிறது. நிபந்தனை இருந்ததென்று காட்டப்படாவிடின் இப்பிரிவு உதவாது என்னும் கருத்துப்பட 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நன்மைக்கான சட்டமாதலால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்து சொத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிற்று. அவ்வழக்கில், தாயைக் காப்பதாக மகன் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழி ஒன்று இருந்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, அன்பின் காரணமாக எழுதப்பட்ட பத்திரத்தில் காக்கும் நிபந்தனை உள்ளுறையாக அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம் என்றது.

இத்தீர்ப்புகளால் ஆறுதல் பெறலாம். ஆனால் அவற்றை நம்பிப் பத்திரம் எழுதலாகாது. உள்ளுறைப் பொருளை நிலைநாட்டக் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருக்கலாம். எழுபதாவது வயதில் ஓராண்டு அலைச்சல் என்பது இளமையில் பத்தாண்டு அலைச்சலுக்குச் சமமாகும். பத்திரத்தில் முன்னரே எழுதப்பட்ட ஒரு வாக்கியம் அந்த அலைச்சல் முழுவதையும் மிச்சப்படுத்தக்கூடும்.

இலவசச் சட்ட யோசனை பெறுபவர் அங்கே கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, செட்டில்மெண்ட் எழுதுவதாயின் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையை எவ்வாறு தெளிவாகச் சேர்ப்பது? இரண்டாவது, தமக்கும் தம் மனைவிக்கும் ஆயுள் உள்ளவரை அவ்வீட்டில் வசிக்கும் உரிமையை எவ்வாறு நிறுத்திக்கொள்வது? மூன்றாவது, இப்பொழுதே கொடுப்பதற்குப் பதிலாக உயில் எழுதினால் போதாதா? உயில் எழுதியவர் காலத்திற்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். அதுவரை அவர் அதனை மாற்றவும் நீக்கவும் உரிமையுடையவர். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பதிவு கட்டாயமன்று. பலருக்கு உயிலே போதுமானதாக இருக்கும்.

சில ஐயங்கள்

‘பெற்ற பிள்ளையின்மீது மனுக் கொடுப்பதா? ஊர் என்ன சொல்லும்?’ என்பது பெரியோர் பலர் கூறும் தடை. அவர்களுடைய மனத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் சட்டமும் முதலில் சண்டையை நாடவில்லை. தீர்ப்பாயம் மனுவைச் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். அவர் இரு தரப்பாரையும் அழைத்து இணக்கம் காண முயல்வார். நீதிமன்றம் செல்லும் முன்பே மக்கள் நீதிமன்றத்திலும் உடன்பாடு காணலாம். அங்கே ஏற்படும் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் வலிமை உடையது, அதன்மீது மேல்முறையீடும் இல்லை.

இதில் மகனுடைய பக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் நியாயம். நெசவுக் கூலியை நம்பியோ, வெளியூர் ஆலை வேலையை நம்பியோ வாழும் மகன் தீயவனாக இருக்க வேண்டும் என்பதில்லை. என்ன கடமையை ஏற்கிறோம் என்று தெளிவாக எழுதியிருப்பின், தம்பி தங்கையரின் பிற்காலப் பேச்சிலிருந்து அவனும் காக்கப்படுவான். தெளிவான பத்திரம் இரு தலைமுறைக்கும் நன்மையாகும்.

‘இலவச வழக்கறிஞர் அக்கறை காட்டுவாரா?’ என்பது மற்றோர் ஐயம். எல்லோரும் ஒரே தரத்தினர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வழக்கு நடக்கும் விதத்தைக் கவனிக்க ஆணைக்குழுவில் கண்காணிப்புக் குழு அமைக்க விதி இருக்கிறது. குறை கூறினால் வழக்கறிஞரை மாற்றவும் கேட்கலாம். கேட்காதவருக்கு எந்த விதியும் ஏட்டுச் சுரைக்காயே.

சங்கத்தின் கடமை

குடும்பப் பிணக்கைத் தீர்ப்பது சங்க நிர்வாகக் குழுவின் வேலை அன்று. கூட்டுறவுச் சட்டத்தின்படி சங்கத்தின் அலுவல் தொடர்பான தகராறுகளுக்கே நம் துறையின் விசாரணை உரியது. தலைவரோ காரியதரிசியோ பஞ்சாயத்துப் பேசித் தீர்ப்புக் கூற முற்பட்டால், ஒரு வீட்டுச் சண்டை சங்கத்திற்குள் இரண்டு கட்சிகளை உண்டாக்கிவிடும். ஆயினும் வழி காட்டுதல் வேறு, தீர்ப்புக் கூறுதல் வேறு. வழி காட்டுவதற்குச் சங்கத்தைவிடத் தகுந்த இடம் கிராமத்தில் அரிது. கூலி வாங்கவும், கடன் கட்டவும், உரம் பெறவும் பெரியோர் எப்படியும் அங்கு வருகின்றனர்.

ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றைச் செலவின்றிச் செய்யலாம். மாவட்ட, வட்ட சட்டப் பணி அலுவலகங்களின் முகவரியையும் 15100 என்ற எண்ணையும் விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். மாவட்ட ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, சங்கக் கட்டிடத்திலேயே சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டலாம். எழுதப் படிக்க இயலாத அங்கத்தினருக்கு மனுவை எழுதிக் கொடுக்கலாம். வயது, முகவரி, பங்குத்தொகை, கூலி ஆகியவை சங்கப் பதிவேட்டில் உள்ளனவாதலால், கேட்பவருக்கு அவ்விவரங்களைத் தாமதமின்றி எழுதித் தரலாம். பத்திரம் எழுதப் போவதாக ஒரு பெரியவர் சொன்னால், ‘முதலில் யோசனை கேட்டீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

‘ஒருவர் எல்லோருக்காக, எல்லோரும் ஒருவருக்காக’ என்று கூட்டுறவு வாரக் கொடியேற்றத்தின்போது சொல்கிறோம். நாற்பது ஆண்டுகள் சங்கத்திற்குத் துணியும் நெல்லும் கொண்டுவந்த கை, தன் வீட்டுத் திண்ணையில் யாசகக் கையாக நீளாமல் காப்பது அவ்வாசகத்தின் பொருளில் அடங்கும். அதற்கான பணத்தைப் பொதுமக்கள் ஏற்கனவே கொடுத்துவிட்டனர். அதைக் கேட்டுப் பெறும் வழியைச் சொல்லிக் கொடுப்பதே நம் பங்கு.

பயில் வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. சட்ட உதவிக்கு உரியோர் பட்டியலில் முதுமை தனி வகுப்பாக இல்லை. உங்கள் சங்கத்து முதியோர் எந்தெந்த வகுப்பின்கீழ் உதவி பெறக்கூடும்?

2. செட்டில்மெண்ட்டிற்கும் உயிலுக்கும் உள்ள வேறுபாடு யாது? இரண்டில் எது யாருக்குப் பொருந்தும்?

3. 23-ஆவது பிரிவின் பயனைப் பெறப் பத்திரத்தில் என்ன இருத்தல் வேண்டும்?

4. பராமரிப்பு அலுவலர் யார்? அவரிடம் எவ்வாறு உதவி பெறுவது?

5. உங்கள் வட்டத்தின் சட்டப் பணிகள் குழு எங்குள்ளது? அடுத்த கூட்டத்திற்குள் அங்கத்தினர் ஒருவர் நேரில் சென்று அறிந்துவரத் தீர்மானியுங்கள்.